பி.பி. இருக்கா?

புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு நான் எடுக்கும் முதல் வகுப்பு ஒரு கேள்வியோடு தொடங்கும். "உங்க வீட்ல யாருக்காவது பி.பி. இருக்காப்பா?" கணினித் திரையில் தெரியும் முகங்களில் பாதி கையைத் தூக்கும். அப்பாவுக்கு இருக்கிறது, பெரியம்மாவுக்கு இருக்கிறது என்பார்கள். "எல்லாருக்கும்தான் இருக்கும். பி.பி. இல்லாதவன் செத்தவன்" என்பேன். சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு அடங்கியதும் பாடத்துக்குள் போவேன்.

என் வேலை நோய்களுக்குக் குறியீடு போடுவது. அமெரிக்காவில் ஒரு டாக்டர் எழுதிய குறிப்பு செவிலிமேட்டில் இருக்கும் என் வீட்டுக் கணினிக்கு வரும். அதைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய குறியீட்டை இட்டு அனுப்பினால்தான் அங்கே இன்சூரன்ஸ் பணம் கிடைக்கும். உயர் ரத்த அழுத்தத்துக்கு ஐ 10. ரத்த அழுத்தம் அதிகமாகக் காட்டியது, ஆனால் டாக்டர் அதை நோய் என்று எழுதவில்லை என்றால் ஆர் 03.0. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் என் முதல் பாடம். அளவு வேறு, நோய் வேறு. கருவி காட்டும் அளவு எவ்வளவு பயமுறுத்தினாலும் குறியீடு போடுகிறவன் நோயைக் கண்டுபிடிக்கக் கூடாது. டாக்டர் எழுதியிருந்தால்தான் அது நோய்.

இதைப் பல வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். மற்றவர்கள் போட்ட குறியீடுகளைச் சரிபார்ப்பதும் என் பொறுப்பு. மேசையில் பேனா எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதில்கூடக் கண்டிப்பானவன் என்று வீட்டில் கேலி செய்வார்கள். தங்கை வீட்டில் மட்டும் கேலி கிடையாது. அங்கே என்னைப் பாதி டாக்டராகவே வைத்திருந்தார்கள். மாத்திரை அட்டையை என்னிடம் நீட்டி, "இதச் சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா அண்ணா?" என்பாள் தங்கை. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பதில் சொல்வேன். எனக்கு அது தெரியாது என்று ஒருநாளும் சொன்னதில்லை.

தங்கையின் கணவர் பட்டு நெய்கிறவர். நான் அவரை மாப்ள என்பேன். அவர் என்னை மச்சான் என்பார். கொஞ்ச நாளாக, தறிக்குழியிலிருந்து எழுந்தால் கணுக்கால் வீங்கியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். காலைத் தொங்கப்போட்டு உட்கார்வதால் இருக்கும் என்று எல்லோரும் நினைத்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவரால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. தங்கை போன் செய்ததும் ஓடினேன். ஆட்டோவில் வைத்துத் தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம்.

அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டர் ஆக்சிஜன் மாட்டச் சொல்லிவிட்டு, பேனாவை எடுத்தார்.

"சுகர் இருக்கா?"

"இல்ல டாக்டர்" என்றாள் தங்கை.

"பி.பி. இருக்கா?"

தங்கை என்னைத் திரும்பிப் பார்த்தாள். மாப்ளையால் பேச முடியவில்லை.

"இருக்குது டாக்டர். அஞ்சு வருஷமா" என்றேன்.

டாக்டர் நிமிர்ந்தார். "நீங்க மெடிக்கல் ஃபீல்டா சார்?"

"ஆமா" என்றேன். அந்த நேரத்திலும், வருஷக் கணக்கோடு பதில் சொன்னதில் எனக்குள் ஒரு சின்னத் திருப்தி இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

நான் சொன்ன அந்த ஐந்து வருஷம் எது என்பதைச் சொல்ல வேண்டும். ஐந்து வருஷத்துக்கு முன் பங்குனித் தேரன்று, மோர்ப் பந்தலுக்குப் பக்கத்தில் மேசை போட்டு ரத்த அழுத்தம் பார்த்தார்கள். வெயிலில் வடம் பிடித்துவிட்டு வேர்க்க வேர்க்க வந்த மாப்ளையை நான்தான் கூப்பிட்டு உட்காரவைத்தேன். நூற்றைம்பதைத் தாண்டிக் காட்டியது. கருவியைக் கட்டிய நர்சிங் மாணவி, "ஒரு வாரம் கழிச்சு டாக்டர்கிட்ட திரும்பப் பாத்துருங்க" என்றாள். அவர் திரும்பப் பார்க்கவில்லை. நடந்தது அவ்வளவுதான். மாத்திரை இல்லை, மருந்துச்சீட்டு இல்லை, நோய் என்று யாரும் எழுதவில்லை. என்னிடம் பயிற்சிக்கு வருகிற யாராவது அதற்கு ஐ 10 போட்டிருந்தால், சிவப்பில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

ஆனால் கேள்வி தமிழில் வந்தது. நம் பேச்சில் பி.பி. இருக்கிறது என்றால் நோய் இருக்கிறது என்றுதான் அர்த்தம். ஒருமுறை அதிகமாகக் காட்டியதற்கும் நாம் அதே சொல்லைத்தான் சொல்கிறோம். அதை வைத்து வகுப்பில் சிரிக்கவைக்கிற நானே, கேட்ட மாத்திரத்தில் அதே சொல்லைச் சொல்லிவிட்டேன். டாக்டர் அதை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டார்: ஐந்து வருடங்களாக உயர் ரத்த அழுத்த நோயாளி.

நீர் இறங்க ஊசி போட்டதும் மாப்ளைக்கு மூச்சு சீரானது. இதயம் சரியாகச் சுருங்கவில்லை, ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று ஆஞ்சியோ செய்து பார்க்க வேண்டும் என்றார் இதய டாக்டர். இன்சூரன்ஸ் இருக்கிறது என்று தைரியமாகச் சொன்னோம். இரண்டு வருஷத்துக்கு முன் நானே வற்புறுத்தி எடுக்கவைத்த பாலிசி. மறுநாள் மத்தியானம் இன்சூரன்ஸ் கம்பெனி அனுமதி மறுத்துவிட்டது. ஆஞ்சியோ நின்றுபோனது.

கீழே இன்சூரன்ஸ் மேசைக்கு நானும் தங்கையும் போனோம். அங்கே இருந்த பெண் கணினியை எங்கள் பக்கம் திருப்பினாள். பாலிசி எடுத்தபோது கொடுத்த படிவத்தில், ரத்த அழுத்த நோய் உண்டா என்ற கேள்விக்கு எதிரே 'இல்லை'. அது என் கையெழுத்து. விதிப்படி யோசித்து நான் நிரப்பியது. நேற்றைய மருத்துவமனைக் குறிப்பில் 'ஐந்து வருடங்களாக'. அதுவும் என் வாயிலிருந்து வந்தது. உயர் ரத்த அழுத்தமும் இதயச் செயலிழப்பும் ஒரே தாளில் இருந்தால், ஒன்றால்தான் இன்னொன்று வந்தது என்று எடுத்துக்கொள்வது எங்கள் தொழிலில் விதி. அந்தச் சேர்க்கைக்கு ஐ 11.0 என்று தனிக் குறியீடே உண்டு. திரையில் அதுதான் போட்டிருந்தது. குறியீட்டில் பிழை இல்லை.

"நோய மறைச்சு பாலிசி எடுத்துட்டீங்கன்னு சொல்றாங்க சார்" என்றாள் அந்தப் பெண். தேரன்று ஒரே ஒரு தடவை அளவு ஏறியிருந்தது, அவ்வளவுதான் என்று நான் விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். நாலு வார்த்தை பேசியதும் அவள் முகம் மலர்ந்தது. "சார், நீங்களா? குரலக் கேட்டதும் எங்கியோ கேட்ட மாதிரியே இருந்துது. உங்க ஆன்லைன் கிளாஸ்ல மூணு மாசம் இருந்தேன் சார். பி.பி. இல்லாதவன் செத்தவன்!"

சொன்ன பிறகுதான் தங்கையின் முகத்தைப் பார்த்தாள். "சாரிக்கா" என்று குனிந்துகொண்டாள். பிறகு மெதுவாக, "ஆர் 03தானே சார் இது? யாரு சார் டாக்டர்கிட்ட ஹிஸ்டரி குடுத்தது?" என்றாள்.

தங்கை சொன்னாள். "இவர்தாம்மா குடுத்தாரு. ஊருக்கெல்லாம் கிளாஸ் எடுக்கறவரு." படி ஏறும்போது, "வாய வெச்சுக்கினு சும்மா இருந்திருக்கக் கூடாதா அண்ணா?" என்றாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

மாலையில் இதய டாக்டர் வார்டுக்கு வந்தார். ஐம்பது வயது இருக்கும், அவசரமில்லாத மனிதர். அந்தக் குறிப்பைத் திருத்த முடியுமா என்று கேட்க நான் வாயைத் திறப்பதற்குள், கட்டிலில் உட்கார்ந்திருந்த மாப்ள முந்திக்கொண்டார்.

"நான்தான் டாக்டர் ஒளறிட்டேன். மூச்சு முட்டிக்கினு இருந்துது பாருங்க, என்னா கேட்டாங்க, என்னா சொன்னேன், ஒண்ணும் தெர்ல."

டாக்டர் கோப்பைப் புரட்டினார். "தகவல் சொன்னவர் மனைவியோட அண்ணன்னு எழுதியிருக்கே?"

மாப்ள என்னைப் பார்த்து அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். எனக்காகப் பொய் சொல்லி மாட்டிக்கொண்டவர் சிரித்தார்.

பிறகு நானே சொன்னேன். தேர், வெயில், ஒரே ஒரு அளவு, அதற்கப்புறம் எதுவும் இல்லை. டாக்டர் கேட்டார், "திரும்பப் பாக்கச் சொல்லியிருப்பாங்களே, ஏன் பாக்கல?"

இதற்கும் மாப்ளதான் பதில் சொன்னார். என் பக்கம் நின்று பேசுவதாகத்தான் அவர் நினைத்தார். "மச்சான் அப்பவே கரெக்டா சொன்னாரு டாக்டர். அது வெறும் அளவு, நோய் இல்ல, டாக்டர் எழுதுனாத்தான் நோய்னாரு. அவருக்கு இதுதானே வேல. அதான் நான் அத்தோட வுட்டுட்டேன்."

நான் அப்படித்தான் சொல்லியிருந்தேன். மோர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த மாணவிக்கும் கேட்கும்படியாகச் சொன்னது நினைவிருக்கிறது. குறியீடு போடுகிறவன் கையைக் கட்டிப்போடுவதற்காக வைத்த விதி அது. அதை ஒரு மனிதனுக்கு வைத்தியமாகச் சொல்லியிருக்கிறேன்.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. "எக்கோல இதயத் தசை தடிச்சிருக்கு. ஒரு மாசத்துல ரெண்டு மாசத்துல ஆகறது இல்ல" என்று மட்டும் சொன்னார். "எழுதினத அழிக்க முடியாது. சொன்னவர் திருத்திச் சொன்னா அதையும் சேத்து எழுதலாம். எழுதிக் குடுங்க."

வார்டு நர்ஸிடம் தாள் வாங்கி, கட்டிலோடு இருந்த சாப்பாட்டுப் பலகையில் வைத்து எழுதினேன். முதலில் 'தவறுதலாகப் பதிவாகிவிட்டது' என்று எழுதினேன். யார் செய்தது என்றே தெரியாமல் நின்றது அந்த வாக்கியம். அடித்துவிட்டு, 'நான் தவறாகச் சொன்னேன்' என்று எழுதினேன். அடித்தல் திருத்தலோடு நான் ஒரு தாளைக் கொடுத்தது எனக்கு நினைவுதெரிந்து அதுதான் முதல் தடவை. இதற்குமுன் நோய் கண்டறியப்படவோ சிகிச்சை தரப்படவோ இல்லை என்று டாக்டர் தன் குறிப்பில் சேர்த்தார். அது முழு உண்மை. அதை உண்மையாக்கி வைத்தவன் நான்.

கீழே என் பழைய மாணவி அதை அன்றே அனுப்பிவைத்தாள். மறுபடி பரிசீலித்து அனுமதி கொடுத்தார்கள். ஆஞ்சியோவில் பெரிய அடைப்பு எதுவும் இல்லை. ரத்த அழுத்தம்தான் காரணமாக இருக்கும், மாத்திரையை விடவே கூடாது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். தங்கை டாக்டருக்குக் கும்பிடு போட்டாள். இன்சூரன்ஸ் மேசைக்குத் தனியாகப் போய் நன்றி சொல்லிவிட்டு வந்தாள்.

ஆட்டோவுக்குக் காத்திருக்கும்போது மாப்ள கேட்டார். "ஏம் மச்சான், அப்போ தேரன்னிக்கே எனக்கு பி.பி. இருந்துதா, இல்லியா?" சண்டைக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"எனக்குத் தெரியாது மாப்ள" என்றேன். அந்த வீட்டு மனிதர்களிடம் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் முறை. ஆட்டோவில் தங்கை தனக்கும் எனக்கும் நடுவில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

இப்போது அவர் ஒரு கருவி வாங்கிவைத்திருக்கிறார். காலையில் பார்த்துவிட்டுப் போன் செய்கிறார். அளவைச் சொல்லிவிட்டு, "இது அளவா மச்சான், நோயா?" என்கிறார். பக்கத்தில் தங்கை, "அவரக் கேக்காத, டாக்டரக் கேளு" என்று சொல்வது கேட்கிறது. போன வாரம் அளவு கொஞ்சம் ஏறியிருந்தது. "கெளம்பி இரு மாப்ள, டாக்டர்கிட்ட போலாம், வந்துக்கினே இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வண்டிச் சாவியை எடுத்தேன்.