இடது காலில் அடித்த அனல்

அப்பாவின் கம்ப்யூட்டர் இப்போது என் வீட்டில்தான் ஓடுகிறது. தஞ்சாவூரில் நான் வேலை பார்க்கும் சர்வீஸ் கடையில், பழைய பாகங்களைச் சேர்த்து நானே அவருக்காகப் பூட்டியது. என் மகள் எவ்வளவு நேரம் விளையாடினாலும் அது நிற்பதில்லை. அதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. அவர் இருந்தவரை ஒரு டிரிப்பையாவது முழுசாக ஓட்ட விட்டதா அந்தச் சனியன்?

அப்பா பஸ் டிரைவர். தஞ்சாவூரில் எடுத்தால் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை வழியாகப் பேராவூரணி; திரும்ப அதே ரோடு. சர்க்கரை வியாதி வந்து, கண் பரிசோதனையில் தேறாமல் போனதும் ஸ்டியரிங்கை வாங்கிக்கொண்டு டெப்போவில் ஒரு நாற்காலியைக் கொடுத்தார்கள். அந்த நாற்காலியிலேயே ஓய்வும் பெற்றார். வீட்டுக்கு வந்த மனுஷன் பேச்சையே நிறுத்திவிட்டார். சாப்பாடு போட்டால் சாப்பிடுவார், லைட்டை அணைத்தால் படுப்பார். அம்மாவுக்கும் எனக்கும் அவரைப் பார்க்கப் பயமாக இருந்தது. அப்போதுதான் பஸ் ஓட்டும் விளையாட்டு ஒன்றைப் போட்டு, ஸ்டியரிங்கும் மிதிகட்டைகளும் வாங்கி மாட்டி அவரை உட்காரவைத்தேன்.

ஒரு வாரத்தில் அப்பா திரும்பி வந்துவிட்டார், அப்படித்தான் சொல்ல வேண்டும். திரையில் ஏதோ வெளிநாட்டு ஊர், ரோடெல்லாம் பனி. அவருக்கு அது ஒரத்தநாடு. அடுத்த நிறுத்தத்தில், "பாப்பாநாடெல்லாம் எறங்குங்க," என்று கண்டக்டர் வேலையையும் சேர்த்துப் பார்ப்பார். குறுக்கே கார் வந்தால், "வீட்ல சொல்லிட்டு வந்துட்டியாடா?" என்று திட்டுவார். அடுக்களையில் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். மிதிகட்டையை அழுத்தும்போது மட்டும் அடிக்கடி குனிந்து காலைப் பார்த்துக்கொள்வார். "கால எங்க வச்சோம்னு பாத்துப் பாத்தா பஸ் ஓட்டுவாங்க?" என்று கேலி செய்வேன். சிரித்துக்கொள்வார்.

ஆனால் வண்டி பட்டுக்கோட்டை போய்ச் சேராது. பாதி வழியில் படம் உறையும், அப்புறம் பொட்டென்று எல்லாமே அணைந்துவிடும். அப்பா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல், என்னைத் திரும்பிப் பார்த்து, "நான் ஒண்ணும் பண்ணலம்மா," என்பார். வேலையில் இருந்தவரை ஓர் ஆட்டுக்குட்டியைக்கூட அடிக்காத மனுஷன் அவர். ஒருநாள் மெதுவாக, "இதையும் எங்கிட்டேருந்து பிடுங்கிடுவாங்க போல," என்றார். இது நின்றால் அவர் மறுபடியும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார் என்று தெரியும்.

முதலில் ரேமைக் கழற்றி ரப்பரால் தேய்த்து மாட்டினேன். சரியாகவில்லை. கரண்ட் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மாற்றினேன். அது குறுவைக்குத் தண்ணீர் இறைக்கும் சமயம். சுற்றிலும் பம்புசெட் ஓடினால் எங்கள் வீட்டு லைட் அழுது வடியும். வோல்டேஜ்தான் என்று முடிவுகட்டி யு.பி.எஸ். வைத்தேன். ம்ஹூம். சூடாக இருக்குமோ என்று திறந்து, தூசி ஊதி, புது ஃபேன் போட்டேன். கடைக்குத் தூக்கிப்போய் ஓட்டினால் நாள் முழுக்க ஓடுகிறது. வீட்டில் அவர் எழுந்து இடம் விட்டு நான் ஓட்டினாலும் ஓடுகிறது. அவர் உட்கார்ந்தால்தான் நிற்கிறது. என்னுடைய இத்தனை வருஷ சர்வீஸில் ஆளைப் பார்த்து நிற்கும் மெஷினை நான் கண்டதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மெஷினை விட்டுவிட்டு, அவரைக் கவனிக்கலாம் என்று பின்னால் உட்கார்ந்தேன். அப்பா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். இடது பக்கத்துக் குட்டை முக்காலியில் இருந்த சிபியுவை இழுத்துக் காலோடு ஒட்டி வைத்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து அதன்மேல் விரித்தார். துண்டின் ஒரு முனை பின்னால் தொங்கி ஃபேனை மூடிவிட்டது. பழைய பஸ்ஸில் டிரைவருக்கு இடப்பக்கம் இன்ஜின் பெட்டி இருக்கும். அதன்மேல் துண்டைப் போட்டு வைப்பது அவர் வழக்கம். எழுந்தால் துண்டு தோளுக்குப் போய்விடும். நான் ஓட்டும்போது ஏன் நிற்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"மூக்கப் பொத்திக்கிட்டு ஓடச் சொன்னா அது எப்படிப்பா ஓடும்?" என்று சிரித்துக்கொண்டே அருகில் போனேன். கோபமும் வந்தது. நான் பேச்சுக் கொடுத்தும் அவர் ஓட்டிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் படம் உறைந்தது. துண்டை எடுத்துவிட்டுப் பக்கத்துத் தகரத்தில் கை வைத்தேன். சுரீரென்றது, கையை இழுத்துக்கொண்டேன். அப்பாவின் கால் அதன்மேல்தான் சாய்ந்திருந்தது.

"அதுல என்னம்மா சூடு இருக்கு?" என்றார். "அந்தக் காலத்துல இன்ஜின் அனல் இடது கால்ல அடிச்சிக்கிட்டே இருக்கும். அது இல்லாம வண்டி ஓட்டுற மாதிரியே இல்ல. துண்டப் போட்டு மூடினா கொஞ்சமாவது தெரியுமான்னு பாத்தேன். ஒண்ணும் தெரியல."

குனிந்து காலைத் தூக்கிப் பார்த்தேன். கெண்டைக்காலுக்குக் கீழே, தகரம் படும் இடத்தில், கொப்புளம் உடைந்து தோல் உரிந்து சிவந்து கிடந்தது. புதுப் புண்ணும் இல்லை அது. "வலிக்கலையாப்பா?" என்றேன். எதற்குக் கேட்கிறேன் என்பதுபோல என்னைப் பார்த்தார். விரலால் பாதத்தை அழுத்தி, "இங்க தெரியுதா? இங்க?" என்று கேட்டுக்கொண்டே போனேன். ஒவ்வொன்றுக்கும் அவர் இல்லையென்று தலையாட்டினார்.

சர்க்கரை நரம்பைத் தின்றுவிட்டது என்றார் தஞ்சாவூர் டாக்டர். புண் ஆறவே இல்லை. பாதம் கறுத்தது. உயிரைக் காப்பாற்ற வேண்டுமானால் முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும் என்றார்கள், எடுத்தார்கள். அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு அழவும் வரவில்லை. இவ்வளவு செய்தும் அடுத்து வந்த பொங்கலுக்கு அப்பா இல்லை.

கால் எடுத்த மறுநாள் மத்தியானம் கட்டிலருகே நான் மட்டும் இருந்தேன். அப்பா கண் விழித்தார். முகத்தில் வெகுநாளாகக் காணாத தெளிவு.

"இப்ப தெரியுதும்மா," என்றார். "இடது கால்ல அனலு அடிக்குது. நல்லா அடிக்குது."

போர்வை அந்த இடத்தில் தட்டையாகக் கிடந்தது. "ரொம்பச் சுடுதாப்பா?" என்றேன். "ஆமா, கொஞ்சம் விசிறு," என்றார். பக்கத்தில் கிடந்த செய்தித்தாளை மடித்து, கால் இருந்த இடத்துக்கு விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவர் போதும் என்று சொல்லும்வரை.