அதிர்ந்து பேசாதவளா என் அம்மா?

தேவராஜ் சித்தப்பா, நீங்கள் சொன்னது பொய்.

அதுவும் சர்ச்சில், மைக் பிடித்து, என் அம்மாவின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று சொன்ன பொய். “எங்க மைனி அதிர்ந்து ஒரு வார்த்த பேசுனதில்ல. அப்படி ஒரு பொறும.” போன வருஷம், தன் அண்ணியைப் பற்றி நீங்கள் சொன்ன இதைக் கேட்டு சபையே தலையாட்டியது. எங்கள் தெருக்காரர்கள் மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சாவு வீட்டில் யார்தான் நிஜம் பேசுகிறார்கள்? நானும் விட்டுவிட்டேன். இனி விட முடியாது.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும், எனக்குச் சுற்றி வளைக்க வராது. விஷயம் இதுதான். என் மகள் பெனிட்டா துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிறாள். வாங்கிக் கொடுத்தது சித்தப்பா, என் அப்பாவின் தம்பி. அந்த நன்றி எனக்கு உண்டு. அங்கே பெண்களுக்கு என்று ஒரு பாத்ரூம் இருக்கிறது. பூட்டித்தான் இருக்கும். சாவி மேனேஜரின் மேஜை டிராயரில். ஒவ்வொரு தடவையும் அவரிடம் போய்க் கேட்க வேண்டும். அவர் போன் பேசி முடிக்கும் வரை நிற்க வேண்டும்.

எல்லாரும் நின்றார்கள். இவள் நிற்கவில்லை. “சாவிய கதவுலயே தொங்க விடுங்க சார்” என்று மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள். கொஞ்சம் சத்தமாகவே.

மேனேஜர் சித்தப்பாவுக்குப் போன் போட்டார். போன செவ்வாய்க்கிழமை சித்தப்பா எங்கள் மில்லர்புரம் வீட்டுக்கு வந்துவிட்டார்.

“ஏளா, திங்கக்கிழம போயி ஒரு ஸாரி சொல்லிரு. இல்லன்னா வேல இருக்காதுங்காரு.”

“எதுக்குத் தாத்தா ஸாரி? கேட்டது தப்பா?”

“கேட்டது தப்பில்ல. கத்துனதுதான் தப்பு. பொம்பளப்பிள்ள ஒங்க ஆச்சி மாதிரி அடக்கமா இருக்கணும்.”

பெனிட்டா சிரித்துவிட்டாள். “எந்த ஆச்சி, தாத்தா?”

நல்ல கேள்வி. எந்த ஆச்சி?

எனக்குத் தெரிந்த அம்மா தெருமுனையில் நின்று “ஏலே, நிப்பாட்டுலே!” என்று குரல் கொடுத்தால், கிளம்பிவிட்ட ஸ்கூல் பஸ் நிற்கும். பின்னால் வருகிற உப்பு லாரியும் நிற்கும். பாட்டுக் குழுவில் அவளை மைக்கிலிருந்து தள்ளி நிற்கச் சொன்னார்கள். தள்ளித்தான் நின்றாள்... வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. பேத்தியைத் தொட்டிலில் போட்டுத் தாலாட்டுப் பாடினால் எதிர்வீட்டு நாய் எழுந்து உட்காரும். பிள்ளை மட்டும் உடனே தூங்கிவிடும்.

பிளஸ் ஒன்னில் எனக்கு சயின்ஸ் குரூப் கிடையாது என்றார்கள். பெண்பிள்ளைக்கு டைப்பிங் போதுமாம். அம்மா ஹெச்.எம். ரூமுக்குள் போனாள். கதவைச் சாத்தச் சொன்னார்கள்.

“எதுக்குச் சாத்தணும்? எம்பிள்ளைக்கு ஏன் கெடயாதுன்னு எல்லாரும் கேக்கட்டும்.”

மைதானம் வரைக்கும் கேட்டது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வெட்கம் சீக்கிரம் போய்விட்டது. படிப்பு இன்னும் இருக்கிறது.

அவளைத் தெய்வமாக்க எனக்கு ஆசையில்லை. காபி ஆறிப்போனால் தனக்காகவும் கத்துவாள். என் அம்மா சத்தக்காரி. பெருமையாகத்தான் சொல்கிறேன்.

இதெல்லாம் சித்தப்பாவுக்குத் தெரியாதா? அவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

அவருக்கு நெஞ்சுவலி வந்த அன்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது அம்மாவும் நானும். ஸ்ட்ரெச்சரோடு வராண்டாவில் விட்டுவிட்டார்கள். சட்டை முழுக்க வேர்வை. கவுன்டரில் இருந்தவர் சாவகாசமாகச் சொன்னார்: “டாக்டர் சாப்பிடப் போயிருக்காங்க. வந்துருவாங்க.”

அம்மா ஆரம்பித்தாள். “அவரு ரசம் ஊத்தி, மோர் ஊத்தி முடிக்கிற வரைக்கும் எங்க கொழுந்தன் மூச்சு இங்கன காத்துக்கிட்டு கெடக்குமா? எந்த ஓட்டல்னு சொல்லுங்க அண்ணாச்சி. நானே போயி எலைய எடுத்துட்டு வாரேன்!”

மாடியில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் ஈரக்கையோடு ஓடி வந்தார். சித்தப்பா பிழைத்தார். கண் முழித்ததும் அவர் எங்களிடம் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது:

“மைனி சத்தம் கேட்டுச்சு. அப்பவே தெரிஞ்சிட்டு, நான் சாவ மாட்டேன்னு.”

அந்தச் சத்தம்தான் ‘அதிர்ந்து பேசாதவர்’ ஆகிவிட்டது!

செத்தவர்களுக்கு வாய் திறந்துகொள்ளாமல் நாடிக்கட்டு கட்டுகிறோம். அது ஒரு துண்டுத் துணி. பெண்களுக்கு மட்டும் அதற்கு மேல் இன்னொரு கட்டு — பொறுமைசாலி, அமைதியானவர், வாய் திறக்காதவர். சரி, செத்தவளுக்கு என்ன தெரியப்போகிறது? ஆனால் அதே கட்டை எடுத்துவந்து, உயிரோடு இருக்கிற பேத்தியின் வாயில் கட்டப் பார்த்தால்?

பெனிட்டா திங்கட்கிழமை வேலைக்குப் போவாள். ஸாரி சொல்ல மாட்டாள். சாவியைத்தான் மறுபடி கேட்பாள். வேலை போனால் போகட்டும் என்றெல்லாம் நான் சொல்லவில்லை. ஏன் போக வேண்டும்?

அதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, அம்மாவின் முதல் வருஷ நினைவு ஸ்தோத்திரக் கூட்டம். அதே சர்ச், அதே மைக். அந்த மேனேஜரையும் கூப்பிட்டிருக்கிறேன்.

சித்தப்பா, முன்னால் வந்து நின்று சபைக்குப் பதில் சொல்லுங்கள். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் கத்தியது யார்?

சத்தமாகச் சொல்லுங்கள். கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்க வேண்டும்.