எலிவேட்டர் குழியும் நீலக் கேபிளும்

பேனல் அறைத் திரையில் மஞ்சள் எச்சரிக்கை வந்தது: எங்கோ ஒரு கேபிள் கழன்றிருக்கிறது. எனக்கோ சந்தோஷம். ஒரு கேபிள் போயும் மோட்டார்கள் தொடர்பில் இருந்தால் நான் செய்த வேலை சுத்தம் என்று அர்த்தம். மோட்டார் கன்ட்ரோல் வயரிங்கிலேயே தலை நரைத்த எனக்கு அந்தத் திமிர் உண்டு.

திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு ரைஸ் மில். சம்பா அறுவடை நேரம், வாசலில் நெல் லாரிகள். மோட்டார்களை இயக்கும் டிரைவ்களுக்குக் கட்டளை கொண்டுபோகும் நீல ஈதர்நெட் கேபிள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வரிசையாகப் போயிருந்தது. நடுவில் அறுந்தால் அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் நின்றுவிடும்.

"எலி தொல்லை தாங்கல சார். சீசன்ல மில்லு நிக்கக் கூடாது, ஏதாவது செய்ங்க" என்றார் முதலாளி.

கடைசி டிரைவிலிருந்து பேனலுக்குச் சாம்பல் நிறக் கேபிள் ஒன்றைத் திருப்பி இழுத்து, வரிசையை வளையமாக்கினேன். இனி எந்த இடத்தில் அறுந்தாலும் கட்டளை மறுபக்கமாகச் சுற்றிப் போய்விடும். அன்று காலையில்தான் முடித்திருந்தேன்.

"எலி எங்க கடிச்சிதுன்னு பாருப்பா" என்றேன், ஆபரேட்டர் செந்திலிடம்.

"எலி இல்ல சார். மேரியக்கா எலிவேட்டர் குழிக்குள்ள எறங்கியிருக்கும். அது எப்பவும் நீல வயரப் புடுங்கிட்டுத்தான் எறங்கும்."

திரும்பித் திரையைப் பார்த்தேன். வரிசையில் கடைசி டிரைவ், குழியிலிருந்து நெல்லை மேல் தொட்டிக்கு அள்ளிப் போகும் அந்த எலிவேட்டருடையது. குழியில் சிந்தும் நெல்லை அள்ளுவது ஆரோக்கியமேரியின் வேலை. கேபிளைக் கழற்றினால் மோட்டார் நிற்கிறது என்று கண்ணால் பார்த்துப் பழகி, அதையே பாதுகாப்பு என்று வைத்திருக்கிறார். இப்போது சாம்பல் கேபிள் வழியாகக் கட்டளை போகும். அதுவும் எலிவேட்டர் ஆட்டோமேட்டிக்கில் இருந்தது. மேல் தொட்டியில் நெல் குறைந்தால், யாரும் பட்டனைத் தொடாமலே பக்கெட் பெல்ட் ஓடத் தொடங்கும். திரையில் நெல்லின் அளவு இறங்கிக்கொண்டே இருந்தது.

செந்திலிடம் விளக்க நேரமில்லை. சிவப்பு எமர்ஜென்சி பட்டனை உள்ளங்கையால் அடித்தேன். மில் மொத்தமும் அடங்கியது.

குழிக்கு ஓடினேன். "மேரியம்மா, மேரியம்மா" என்று கத்தினேன். பதில் இல்லை. கோயில் குளம் என்று போகாதவன் நான். அன்று கூப்பிடாத சாமி இல்லை.

காதை மூடித் துண்டு கட்டிய தலை மேலே வந்தது. "என்ன சார், கரெண்டு போயிடுச்சா?"

குழிக்குப் பக்கத்து டிரைவில் இருந்த சாம்பல் கேபிளைக் காட்டி, "இது இருக்குறவரைக்கும் நீங்க நீலத்தப் புடுங்குனாலும் மோட்டார் ஓடும்மா" என்றேன்.

அதைத் தொட்டுப் பார்த்தார். "காலையிலேருந்து ரெண்டு தடவ எறங்கிட்டேனே சார்."

முதலாளி வேகமாக வந்தார். "நெல்லு அவிஞ்சிக்கிட்டு இருக்கு. யாரக் கேட்டு நிறுத்துனீங்க?"

"நிறுத்தலன்னா ஆம்புலன்ஸக் கூப்பிட்டிருப்பீங்க. அதுக்கு யாரக் கேப்பீங்க?" முதலாளிகளிடம் நான் இப்படிப் பேசுகிறவன் இல்லை. ஆனால் பயம் அடங்கவில்லை. அவர் குழியை எட்டிப் பார்த்தார்.

"சுவிட்ச ஆஃப் பண்ணிட்டு எறங்கலாமேம்மா" என்றேன் மேரியிடம்.

"இந்த மோட்டாருக்குன்னு தனி சுவிட்சு ஏது சார்? மெயின இழுத்தா மில்லு நிக்கும், ஐயா திட்டுவாங்க. இருந்தது அந்த நீல வயர் ஒண்ணுதான். இனிமே எதப் புடுங்கிட்டு எறங்குறது?"

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். கேபிள் இழுக்கும் முன், அந்த மெஷினுக்குள் கை விடுகிறவர் யார், எதை நம்பி விடுகிறார் என்று விசாரியுங்கள். டிராயிங்கில் அது இருக்காது. தகவல் போகும் கேபிளை நம்பி யாரும் உடம்பைக் கொடுக்கக் கூடாது. கரண்டையே துண்டிக்கிற, பூட்டுப் போடுகிற சுவிட்ச் வேண்டும்.

அப்படி ஒரு சுவிட்ச் வந்து சேரும்வரை எலிவேட்டரை ஓட விடவில்லை. மாலைக்குள் வாங்கி வரச்செய்து குழியோரம் பொருத்தினேன். மேரி அதை ஆஃப் செய்து பூட்டினார், சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். ஆனால் இறங்கவில்லை.

"ஸ்டார்ட் பட்டன நீங்களே அமுக்குங்க சார். பாத்துட்டு எறங்குறேன்."

ஓடாது என்று எனக்குத் தெரியும். பூட்டியது கண் முன்னால் இருக்கிறது. இருந்தும் அவரைத் தள்ளி நிற்கச் சொன்னேன். அமுக்கினேன். பெல்ட் அசையவில்லை.

மேரி இறங்கினார். அவர் மேலே வரும்வரை நான் பூட்டைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.