வெளுத்துப்போன மூன்றாவது சொட்டு

எழுபதுகளின் நடுவில், தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்கேற்றிய பார்ஜ் தோணிகளை இழுக்கும் லாஞ்சுப் படகுகள் வைத்திருந்த ஒரு நிறுவனத்தில் நான் கெமிஸ்ட். டீசல் என்ஜினுக்கு இத்தனை மணி நேரம் ஓடியதும் எண்ணெய் மாற்ற வேண்டும் என்று அங்கே ஒரு கணக்கு இருந்தது. சோதித்துப் பார்த்து, கெட்டால் மட்டும் மாற்றலாம் என்றேன். முதலாளி ஒரே ஒரு லாஞ்சை என் பொறுப்பில் விட்டார். நான் கையெழுத்திட்டால் அது பழைய எண்ணெயிலேயே இன்னும் நூறு மணி நேரம் ஓடும். தப்பாகக் கையெழுத்திட்டால் என்ஜின் போய்விடும்.

சோதனை எளிது. என்ஜின் நின்ற சூட்டோடு எடுத்த எண்ணெயில் ஒரு சொட்டை வடிதாளில் விடுவேன். கரி பரவி விளிம்பு மங்கினால் எண்ணெய்க்கு இன்னும் உயிர் இருக்கிறது. நடுவிலேயே திரண்டு கறுத்து நின்றால் மாற்ற வேண்டியதுதான்.

பெண் ஏறினால் லாஞ்சுக்கு ஆகாது என்பார்கள். அதனால் நான் ஏறாமல், டிரைவரே பாட்டிலில் பிடித்து வந்து தருவார். முதல் இரண்டு பாட்டிலுக்கும் கையெழுத்திட்டேன். மூன்றாவதன் சொட்டு, முதல் சொட்டைவிட வெளுப்பாக இருந்தது. ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். தாள் அதே கட்டு. பிடித்த தேதி சரி. ஓடிய மணி கூடியிருக்கிறது. உழைக்க உழைக்க எண்ணெய் எப்படி வெளுக்கும்? பாட்டிலை மோந்தேன். புது டின்னைத் திறந்தது போல வாடை.

மறுநாள் லாஞ்சு திரும்பும் நேரம் பார்த்து படகுத்துறையில் போய் நின்றேன்.

“அண்ணாச்சி, என்ஜின நிறுத்துனதும் அளவுக் கம்பிய எடுத்து இங்கன நீட்டுங்க. நான் ஏறல.”

“ஏளா, நேத்துதான குடுத்தேன்?” என்றார் டிரைவர்.

“இன்னொரு சொட்டு வேணும்.”

“என்னைய நம்பலியோ?”

“எண்ணெயத்தான் நம்பல.”

லாஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். “நீட்டும்வே, கம்பியத்தான கேக்கா” என்றார் ஒருவர்.

கம்பி நுனியிலிருந்து தாளில் விழுந்த சொட்டு அசையவே இல்லை. தார் போல நின்றது. தாளை டிரைவரிடம் திருப்பிக் காட்டினேன்.

“பாதிக்குப் பாதி புது எண்ணெய் ஊத்திக் கலந்துதான் குடுத்தேன்” என்றார். “பொண்ணு பாக்க வாரவங்க முன்னால மூஞ்சி கழுவாமலா நிறுத்துவோம்? என் என்ஜின் கருப்புன்னு நீ எழுதிட்டா எனக்குல்லா கேவலம்.”

லாஞ்சு ஓடக் கூடாது என்று அங்கேயே எழுதிக் கொடுத்தேன். அன்றே என்ஜினின் எண்ணெய் தேங்கும் அடித்தொட்டியைக் கழற்றினார்கள். டிரைவர் அடியில் படிந்த மண்டியை விரலால் வழித்து உள்ளங்கையில் தேய்த்தார். வெயிலில் வெள்ளையாக உலோகத் துகள்கள் மின்னின. பேரிங் தேய ஆரம்பித்திருந்தது. இன்னும் நூறு மணி ஓடியிருந்தால் கடலுக்கு நடுவே என்ஜின் இறுகியிருக்கும்.

கையைத் துடைத்துக்கொண்டே, “முத ரெண்டு பாட்டிலும் கொஞ்சம் கலந்ததுதான். அதுக்கு மட்டும் எப்படி ஒப்பு போட்ட?” என்று கேட்டார்.

அந்த இரண்டு சொட்டுகளும், எண்ணெய் இன்னும் தாங்கும் என்று நான் முதலாளியிடம் சொன்னதற்கு ஏற்றபடியே பரவியிருந்தன. அதனால் பாட்டிலை மோந்துகூடப் பார்க்கவில்லை. முதலாளிக்கு எழுதிய அறிக்கையில், முந்தைய இரண்டு கையெழுத்தும் செல்லாது என்று சேர்த்துக்கொண்டேன்.