தம்பி யோகிமின் ஏணித் தவளை

என் தம்பி யோகிமைப் பற்றி எல்பே ஆற்றங்கரையில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஐம்பது வருஷம் அவனோடு ஒரே கூரையின் கீழ் இருந்தவள் நான். நடந்தது இதுதான்.

அவனிடம் ஒரு மரத்தவளை இருந்தது. கட்டைவிரல் அளவுதான். தளிர்ப் பச்சை, மூக்கிலிருந்து கண் வழியாக இடுப்புவரை மை இழுத்ததுபோல் ஒரு கருங்கோடு. விரல் நுனிகளில் சின்ன வட்டத் திண்டுகள். வழுவழுப்பான கண்ணாடியிலும் ஒட்டிக்கொண்டு ஏறும். குளிர் அடித்தால் சாம்பல் நிறமாகிவிடும். ஒரு ஜாடியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, குச்சியில் ஏணி செய்து வைத்து அதை வளர்த்தான். தவளை ஏணியில் ஏறினால் வெயில், இறங்கினால் மழை. எங்கள் பக்கத்தில் அப்படித்தான் நம்பிக்கை. ஜூன் மாதம் பனிக்காலத் தீவனப் புல்லை அறுத்துக் காயப்போடலாமா என்று கேட்க ஊரே எங்கள் அடுப்படி ஜன்னலுக்கு வரும்.

அந்த வருஷம் தவளை மூன்று நாள் மேல்படியை விட்டு இறங்கவில்லை.

"அறுங்கப்பா," என்றான் யோகிம்.

எல்லோரும் அறுத்தார்கள். இரண்டு பசுவை நம்பி வாழ்ந்த விதவை கேஷேயும் அறுத்தாள். எங்கள் புல்வெளி குட்டையோர ஈரநிலம். அதை எப்போதும் கடைசியில்தான் அறுப்போம்.

மறுநாள் பிடித்த மழை ஆறு நாள் விடவில்லை. அறுத்துப் போட்ட புல் கறுத்து நாறியது. எங்கள் புல் மட்டும் அறுபடாமல் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் புல்லை இழந்த டெட்லெஃப் யோகிமை வழி மறித்தான். "என்னடா, உன் தவளை ஊருக்கு ஒரு சேதி, உனக்கு ஒரு சேதி சொல்லுமோ?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"சிரிங்க, நல்லா சிரிங்க. பனி விழுந்தா என் மாடு உங்க சிரிப்பையா திங்கும்?" என்றாள் கேஷே. பிறகு என் தம்பி பக்கம் திரும்பினாள். "தெரிஞ்சே சொன்னியா, யோகிம்?"

"இல்ல, கேஷே."

"நம்புறேன். ஆனா எம் மாட்டுக்கு அது போதாதே."

அவன் வீட்டுக்கு வந்ததும் ஜாடியை எடுத்துக்கொண்டு குட்டைக்குப் போனான். நானும் போனேன். மே மாதத்தில் தொண்டையை உடம்பளவு ஊதிக்கொண்டு கால் மைல் கேட்கக் கத்திய தவளைகள், இப்போது முள்புதர் இலைகளில் கால் மடக்கிச் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தன. வெயில் அடித்தாலும் மேகம் மூடினாலும் அங்கேயே இருந்தன. ஈ வந்தால் ஒரு தாவல்.

யோகிம் என் பக்கம் திரும்பினான். "ஈ தேடித்தான் மேல ஏறுதுங்கக்கா. அரிவாள் தீட்டுற அவசரத்துல நான் அதுக்கு நாலு நாளா ஈ போடல. பசியில ஏறியிருக்கு. நான் வெயில்னு சொல்லிட்டேன்."

ஜாடியைச் சாய்த்தான். தவளை ஓர் இலைக்குத் தாவியது. அடுத்த நொடி எது இலை, எது தவளை என்று தெரியவில்லை.

வெயில் வந்தபின் எங்கள் புல்லை அறுத்துக் காயவைத்தோம். மூன்று வண்டி தேறியது. முதல் வண்டியைக் கேஷே வீட்டுப் பக்கம் திருப்பினான்.

"நமக்கும் மூணு பசு இருக்குடா!"

"இருக்குக்கா," என்றான். நிற்கவில்லை. இரண்டாவது வண்டியும் அங்கேதான் போனது.

மீதிப் புல் ஒரு பசுவுக்குத்தான் காணும் என்பதால், பனிக்கு முன் மூன்றில் இரண்டு பசுக்களை விற்கச் சந்தைக்கு ஓட்டினோம். நான்கு நாள் அவனோடு நான் பேசவில்லை. அதற்காக இன்றும் வருந்தவில்லை.

மார்ச்சில் கேஷேயின் பசு கன்று போட்டது. செம்பு நிறையச் சீம்பால் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"மழை வருமா, யோகிம்?" என்று சிரித்தாள்.

அவன் சீம்பாலை எங்கள் சட்டியில் ஊற்றினான். செம்பைக் கழுவித் துடைத்து, இரண்டு கையாலும் அவளிடம் கொடுத்தான்.