முன்சீட்டுக்கு ஓர் அளவு ஜாக்கெட்

கார் சீட் வாங்கப் போகிறவர்கள் யாரும் மனைவியின் அளவு ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு போவதில்லை. என் அப்பா எடுத்துக்கொண்டு போனார். எனக்கு அப்போது பத்து வயது. ஜாக்கெட் இருந்த ஷாப்பிங் பையைச் சுமந்துகொண்டு கூடப் போனது நான்தான்.

காரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது இரண்டே கதவுள்ள ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். நான் பிறப்பதற்கு முன்பே பழசாகிவிட்டது. முன்விளக்குகள் பகலில் பெட்டிக்குள் படுத்திருக்கும். சுவிட்சைப் போட்டால் தவளைக் கண் மாதிரி எழும்பும். பன்வில பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரை அதை வைத்திருந்தார். அதே தோட்டத்தின் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர் அப்பா. துரை மாறிப்போய், கார் பேக்டரிக் கொட்டிலில் எலிக்கும் கோழிக்கும் வீடாகக் கிடந்தபோது, கேட்டு வாங்கி லொறியில் ஏற்றி மஹய்யாவவில் எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்.

"மனுசங்க கால நீட்டிப் படுக்க எடமில்ல, இதுல துரை வீட்டுக் காரு வேற," என்றாள் அத்தை. அப்பாவின் அக்கா அவள். அம்மா குவைத்துக்குப் போன நாளிலிருந்து எங்களுக்குச் சமைத்துப்போட்டுக்கொண்டு எங்களோடு இருந்தாள். அவளுக்கு அந்தக் காரைக் கண்டால் ஆகாது. ஆனால் ஈரத் துணியை மட்டும் அதன் மேல்தான் காயப்போடுவாள்.

மருந்து விநியோகிக்கும் வேன் ஓட்டிக்கொண்டிருந்த அப்பா, ஞாயிறு ஞாயிறாக உட்கார்ந்து இரண்டு வருசத்தில் எஞ்சினை உயிர்ப்பித்துவிட்டார். சீட்டுகளைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஓட்டுகிற சீட்டில் எலி தின்றது போக மிஞ்சிய ஸ்பிரிங்குகளின் மேல் உர மூட்டைச் சாக்கை மடித்துப் போட்டிருந்தார். பக்கத்து சீட் இல்லவே இல்லை. நாலு ஆணி ஓட்டைகள்தான் இருந்தன. அந்த வெற்றிடத்தில் கேஸ் சிலிண்டர் வரும், தேங்காய் வரும். நான் அதைத் தாண்டித் தவழ்ந்து பின்னால் போய் உட்கார்ந்துகொள்வேன். பின்சீட் என்று பேர்தான். ஒரு பிள்ளையும் ஒரு புத்தகப் பையும் இருக்கலாம். அந்தப் பிள்ளை நான். உலகத்தில் எனக்கென்று இருந்த ஒரே இடம் அதுதான் என்று நினைத்திருந்தேன்.

அம்மா போகும்போது எனக்கு ஐந்து வயது. இரண்டு வருசம் என்று போனவள், ஒப்பந்தத்துக்கு மேல் ஒப்பந்தமாக ஐந்து வருசம் ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானங்களில் போனில் முகம் காட்டிப் பேசுவாள். அந்த வருசம் தீபாவளிக்கு வருவதாகச் சொன்னாள். அன்றைக்கே அப்பா முடிவு செய்துவிட்டார், கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து அவளை அந்தக் காரில்தான் கூட்டிவருவது என்று.

வெளிநாட்டிலிருந்து ஆள் வந்தால் வேன் பிடித்து, சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் எல்லோரும் சோற்றுப் பார்சலோடு போய்க் கூட்டிவருவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். அத்தை அதைச் சொல்லிச் சண்டை பிடித்தாள்.

"இந்தத் தடவ நான் மட்டும் போறேன்க்கா," என்றார் அப்பா.

"நானு?" என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். "நீயுந்தான். பின்னுக்கு," என்றார். சொல்வதற்கு ஒரு கணம் பிந்திவிட்டது. அந்த ஒரு கணத்தை நான் பிடித்து வைத்துக்கொண்டேன். என்னை விட்டுவிட்டுப் போய்விடுவார் என்ற பயம் அன்றைக்குத்தான் வந்தது.

சீட் தேடும் வேலை தொடங்கியது. அப்பா ஒரு பிஸ்கட் பெட்டியின் அட்டையைக் கிழித்துக் காரின் தரையில் விரித்து, நாலு ஆணி ஓட்டைகளுக்கும் சரியாக அதில் நாலு ஓட்டை போட்டுக்கொண்டார். அந்த அட்டை இல்லாமல் எங்கும் போகமாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அட்டையை அவரும் பையை நானும் தூக்கிக்கொண்டு, வத்தேகமைக்குப் போகிற வழியில் இருந்த பழைய உதிரிப்பாகக் கடைக்கு பஸ் ஏறினோம். ஜப்பானில் ஓடி முடித்த கார்களைப் பாதியாக அறுத்துக் கப்பலில் கொண்டுவந்து கழற்றி விற்கிற இடம் அது. முற்றம் முழுக்க அரைக் கார்கள். கடைக்காரர் வெள்ளைத் தொப்பி போட்ட பெரியவர். முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிறபடி அப்பா அவரை நானா என்றார்.

அட்டையை வைத்துப் பார்த்துப் பார்த்து, கடைசியில் இரண்டு ஜோடிகள்தான் தேறின.

ஒன்று சிவப்பு. முதுகும் அடியும் சேர்த்து ஒரே அச்சில் வார்த்தது. தோளுக்கு இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி வளைந்து வந்திருந்தது. அப்பா அதில் உட்கார்ந்ததும் முகமே மாறிவிட்டது.

"ரேஸ் ஓடுற ஆக்கள் போடுற சீட் தம்பி. எந்த வளைவுலயும் ஆள அசைய உடாது," என்றார் நானா.

மற்றது சாம்பல் நிறத் துணி. சாதாரணமாக இருந்தது. ஓட்டுகிறவர் சீட்டில் கதவுப் பக்கத்துத் திண்டு தேய்ந்து நூல் நூலாகப் போயிருந்தது. பக்கத்து சீட் மட்டும் கடையில் வைத்தது மாதிரி புதிதாக இருந்தது.

"ரெண்டும் ஒரே காரா நானா? இது வேற மாதிரி இருக்கே," என்று கேட்டார் அப்பா.

"ஒரே கார்தான். ஓட்டின மனுசன் ஏறி எறங்கி அந்தப் பக்கம் தேஞ்சி ஈக்குது. பக்கத்துல ஆரும் இருந்தே இல்ல போல. பாவம், தனி ஆள்."

அப்பா அந்தப் புதுச் சீட்டைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றார். எனக்கு அதில் பாவப்பட ஒன்றும் தெரியவில்லை. என் கண்ணெல்லாம் அதன் தோளில் இருந்த பிடியில்தான் இருந்தது. நானா அதை இழுத்துக் காட்டினார்; சீட் முன்னால் மடங்கிக் குனிந்து வழிவிட்டது.

"சிவப்பு மடங்காதா?" என்று கேட்டேன்.

"அது மடங்காது மகள். ஒரே வார்ப்பு."

"அப்ப பின்னுக்கு எப்பிடி ஏறுறது?"

"பின்னுக்கு ஏற ஏலாது. அது ரெண்டு பேர் போற காருக்குப் போடுறது."

அப்பா சிவப்புச் சீட்டில் மறுபடியும் போய் உட்கார்ந்து, இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். நாங்கள் பேசியது அவர் காதில் விழுந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எழும்பி வந்து என் கையிலிருந்த பையை வாங்கி ஜாக்கெட்டை எடுத்தார். நீலநிறம். அம்மா போகும்போது அத்தையிடம் கொடுத்துவிட்டுப் போனது. வருகிற நாளுக்குப் புதுச் சேலைக்கு ஜாக்கெட் தைத்து வைப்பதற்காக அலுமாரியில் ஐந்து வருசம் இருந்தது. அப்பா அதைச் சிவப்புச் சீட்டின் மேல் விரித்துப் பிடித்தார்.

"என்ன தம்பி, டெய்லர் கடைக்கா வந்தீங்க?" என்று சிரித்தார் நானா.

"வீட்டுக்காரி வெளிநாட்டுல நானா. அஞ்சு வருசமாச்சி. இந்த இறக்கைக்குள்ள தோள் அடங்குமான்னு பாக்கணும். வேற அளவு எங்கிட்ட இல்ல."

நானா சிரிப்பை நிறுத்திவிட்டார். பக்கத்தில் வந்து ஜாக்கெட்டின் மற்றத் தோளை அவர் பிடித்துக்கொண்டார். இரண்டு ஆண்பிள்ளைகளும் ஆளுக்கொரு கையாக அதை இழுத்துச் சரிபார்த்தார்கள். கச்சிதமாக அடங்கியது. அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோசம். எனக்கோ, தீபாவளிக்கு அவர்கள் இரண்டு பேரும் அந்தச் சிவப்புச் சீட்டுகளில் வந்து இறங்குவதும், நான் அத்தையோடு வாசலில் நிற்பதும் அப்படியே கண்ணில் தெரிந்தது.

"அம்மா இப்ப பெருத்துட்டாங்கப்பா," என்றேன்.

"யார் சொன்னா?"

"நான் பாத்தேன். நீங்க மாத்தளைக்குப் போன வெள்ளிக்கிழம. புதுச் சட்டையப் பாருன்னு எழும்பி நின்னு சுத்திக் காட்டுனாங்க. ரொம்பக் குண்டு. இதுல புடிக்காது."

முழுப் பொய். அம்மா அப்படி எனக்கு ஒருநாளும் எழும்பி நின்று காட்டியதில்லை. எப்போதும் சமையலறைச் சுவரும் அதற்கு முன்னால் அவள் முகமும்தான்.

அப்பா ஜாக்கெட்டைப் பழைய மடிப்பு கலையாமல் மடித்தார். "எனக்குக் கழுத்துக்கு மேலதான் காட்டுவா," என்றார், நானாவிடமா என்னிடமா என்று தெரியாமல். பிறகு, "சாம்பலையே ஏத்துங்க நானா," என்றார். சிவப்பை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிதாகச் சந்தோசமும் இருந்தது.

அட்டை இருந்தும் சீட்டின் ரெயில் அரை அங்குலம் ஒத்துவரவில்லை. வெல்டிங் கடைக்குப் போய் இரும்புப் பட்டி வைத்துப் பூட்ட இரண்டு ஞாயிறு ஆனது. பூட்டியதும், பக்கத்துச் சீட்டுக்குப் பாலித்தீன் உறை போட்டுவிட்டார் அப்பா. புது வேன் வாங்கினவர்கள் வருசக் கணக்கில் பாலித்தீன் கழற்றாமல் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி. நான் ஏறப் பார்த்தேன்.

"அம்மா வந்து மொதல்ல உக்காரட்டும் பாப்பா," என்றார்.

அதனால் நான் பின்னால் போனேன். அதற்குத்தானே அந்தப் பொய்யைச் சொன்னேன்? ஆனால் நினைத்த மாதிரி இல்லை. முன்பெல்லாம் அங்கேயிருந்து அப்பாவின் முகமும் ரோட்டும் தெரியும். இப்போது பாலித்தீன் சுற்றிய ஒரு முதுகுதான் தெரிந்தது. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் அப்பாவின் இடக்கை தானாக நீண்டு அந்தக் காலிச் சீட்டின் குறுக்கே போய் நிற்கும், யாரோ முன்னால் சரிந்துவிடப் போகிற மாதிரி. பிறகு கியருக்குத் திரும்பி வந்துவிடும். காரில் இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை பௌர்ணமி, போயா லீவு. அப்பா வீட்டில் இருந்தார். அம்மா அழைத்ததும் போனோடு நேரே காருக்குப் போய், கதவைத் திறந்து சீட்டுகளைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. சிவப்பு, சாம்பல், இறக்கை, ஜாக்கெட் எல்லாம் சொன்னார்.

"நீ பெருத்துட்டியாம், அந்தச் சீட்டுல புடிக்க மாட்டியாம். ஒன் மக சொல்லுது. எழும்பி நின்னு காட்டுனியாமே?"

எனக்கு உயிரே போய்விட்டது. போனில் அம்மா அப்பாவின் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

"ஆமா," என்றாள். "இங்க சாப்பாடு அப்பிடி. கொஞ்சம் பெருத்துத்தான் போயிட்டேன்."

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று யோசிக்கவில்லை. தப்பித்தேன் என்று இருந்தது.

"ஜாக்கெட்ட வச்சிப் பாத்தீங்களா?" என்று அப்பாவைக் கேட்டாள்.

"பின்ன? அளவு வேணாமா?"

திரையில் அம்மாவின் முகம் அசையாமல் நின்றது. போன் நின்றுவிட்டது என்று அப்பா அதைத் தட்டினார்.

"பாப்பா எங்க உக்காருது?" என்றாள் அம்மா.

"பின்னுக்கு. அதுக்குத்தானே மடங்குற சீட்டு."

"பின்னுக்குத் தனியா உக்கார வைக்காதீங்க. நீங்க ரெண்டு பேரும் முன்னுக்கு உக்காருங்க."

"நீ வந்தா அவ பின்னுக்குப் போயிருவா."

"பாலித்தீன கழட்டிருங்க. வெயிலுக்குப் பிள்ளைக்குத் தொடையில ஒட்டும்," என்றாள். அவளை யாரோ உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். முகம் மறைந்துவிட்டது.

அந்தத் தீபாவளிக்கு அம்மா வரவில்லை. அடுத்ததுக்கும் வரவில்லை. எங்களிடம் திரும்பி வரவே இல்லை. அவளுக்கு அங்கே இன்னொரு வாழ்க்கை இருந்தது என்பதெல்லாம் நான் பாவாடை தாவணி வயதுக்கு வந்த பிறகு அத்தை சொல்லித் தெரிந்தது. அந்த வெள்ளிக்கிழமை எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நான் பொய் சொல்லியும் அம்மா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, போதாததற்குத் தன்னுடைய சீட்டையும் எனக்கே விட்டுக்கொடுத்துவிட்டாள். இதைத் திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன்.

அப்பா பாலித்தீனை ஓரத்திலிருந்து மெதுவாக உரித்து எடுத்தார். கிழிந்துவிடாமல் மடித்தும் வைத்தார். நான் ஏறி உட்கார்ந்தேன். சீட் எனக்கு ரொம்பப் பெரிது. கால் தரையில் எட்டவில்லை. அவரே பெல்ட்டை இழுத்து எனக்குப் போட்டுவிட்டார். முன்னால் இருந்த சின்ன லாச்சியைத் திறந்தால் உள்ளே நீல ஜாக்கெட் இருந்தது.

"இது ஏம்ப்பா இங்க?"

"இருக்கட்டும்."

ஏரியைச் சுற்றி வருகிற ரோட்டில் போனோம். வளைவில் பிரேக் பிடித்தபோது அப்பாவின் இடக்கை வழக்கம்போல் குறுக்கே வந்தது. இந்தத் தடவை அங்கே நான் இருந்தேன். அவருடைய கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஒரு சுற்று முடிந்தது. அவர் வீட்டுப் பக்கம் திருப்பவில்லை. இரண்டாவது சுற்றும் போனார், மூன்றாவதும் போனார். எனக்கு முன்சீட் கிடைத்ததைக் கொண்டாடத்தான் இப்படிச் சுற்றுகிறார் என்று நினைத்து, இன்னொரு சுற்று போவோம்ப்பா என்றேன். போனார்.