நான் விழுத்தியவர்

கல்லூரியில் நான் இரண்டு வருடம் றகர், அதாவது ரக்பி, விளையாடினேன். கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் வேறு ஒருவரும் அந்த விளையாட்டை விளையாடியதில்லை. சேறு படிந்த காற்சட்டையை அம்மா பைப்படியில் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "இது படிக்கப் போற பிள்ளையின்ர உடுப்போ?" என்று கேட்பா.

எனக்குத் தந்த வேலை ஒன்றுதான். பந்தோடு ஓடி வருகிறவனை இடுப்புக்குக் கீழே கட்டிப் பிடித்து விழுத்த வேண்டும். அதை நான் நன்றாகச் செய்தேன்.

கடைசி வருடம், மழை விட்ட ஒரு பின்னேரம் வேறொரு கல்லூரியோடு ஆட்டம். அவர்களில் மெலிந்த ஒருவன் பந்தை அணைத்துக்கொண்டு கோட்டோரமாக வந்தான். நான் தோளைக் கொடுத்தேன். அவன் கால் முறிந்த சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். என் காது அவன் முழங்காலோடு ஒட்டியிருந்தது. நடுவர் பிழை என்று சொல்லவில்லை. பிழையும் இல்லை. நாலு பேர் அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். எங்கள் கப்டன் என் முதுகில் தட்டி, "நல்ல பிடி" என்றான். நாங்கள் வென்றோம்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்று இரண்டு நாள் நினைத்தேன். மூன்றாம் நாள் நினைக்கவில்லை.

றகர் என்ன தந்தது என்று கேட்கிறவர்களிடம் துணிவு, ஒழுக்கம் என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். விழுந்தவனைத் திரும்பிப் பாராமல் எழும்பி அடுத்த இடத்துக்கு ஓடவும் அது பழக்கியது. அது எனக்கு நன்றாகவே வந்தது. அப்பாவின் செத்தவீட்டிலும் நான் வந்தவர்களுக்குக் கதிரை அடுக்கிக்கொண்டுதான் நின்றேன்.

சில வருடத்துக்குப் பிறகு கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் கொம்பனியில் கிளாக்கராக இருந்தேன். கந்தோர் மூன்றாம் மாடி. ஒரு நாள் பக்கத்து மேசைக்குப் புதிதாக ஒருவர் வந்தார். வலது காலை இழுத்து இழுத்து நடந்தார். முகம் பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது.

"நீர் எந்த இடம்?" என்று கேட்டார்.

"கொட்டாஞ்சேனை."

"நான் வெள்ளவத்தை."

கொழும்பில் அடுத்ததாக எந்தக் கல்லூரி என்றுதான் கேட்பார்கள். அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இரண்டு வருடம் ஒன்றாக மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டோம். அவர் வீட்டு மீன் குழம்பில் பாதி எனக்கு வரும். காலையில் படியேறும்போது நான் அவருக்குப் பின்னால், அவர் வேகத்திலேயே ஏறுவேன். அதை ஒருநாளும் யோசித்துச் செய்ததில்லை.

ஒரு திங்கட்கிழமை இரண்டாம் மாடியில் கைபிடியைப் பிடித்தபடி நின்றார்.

"நீர் ஏன் எப்பவும் எனக்குப் பின்னால வாறீர்?"

"எனக்கு என்ன அவசரம்?"

"விழுந்தாப் பிடிக்கவோ?"

நான் ஒரு படி கீழே இறங்கி நின்றேன்.

"வந்த முதல் நாளே உம்மை எனக்குத் தெரியும்" என்றார். குரலில் கோபம் இல்லை. "அது சரியான பிடி. பந்தை நான் முந்தியே மற்றவனுக்குக் குடுத்திருக்க வேணும். இனி நீர் முன்னால போம்."

"ஓம்" என்றேன். வேறு ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். மன்னிப்பு என்ற சொல் வாய்வரை வந்ததா என்றுகூட எனக்கு நினைவில்லை. நெஞ்சுக்குள் ஒன்றும் அசையவில்லை. நான் முன்னால் ஏறிப் போய், மேசையில் இருந்து, அன்றைக்கு வந்த கப்பலின் சரக்குப் பட்டியலை எழுதத் தொடங்கினேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் வந்து இருந்தார். மத்தியானம் வழமைபோலக் குழம்பு வந்தது.

அடுத்த வருடம் அவருக்குத் திருகோணமலைக்கு மாற்றம் கிடைத்தது. ஸ்டேசனில் அவருடைய பெட்டியைத் தூக்கி ஏற்றிவிட்டேன். கைகுலுக்கினார். பிறகு யாழ்ப்பாணத்தில் அவருக்குக் கலியாணம் என்று அழைப்புக் காட் வந்தது. என்னிடம் லீவு இருந்தது. நான் போகவில்லை.